உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தோம், முரளி?

பெரம்பூர்

அன்புள்ள முரளி,

நலம். வசந்தியின் முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படியோடு மட்டும் இன்னும் பகை. அம்மா உன்னை விசாரித்தாள். வழக்கம்போல உன்னை உன் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, "அவனுக்குப் பெண் அமைஞ்சுதா?" என்றாள். பாஸ்கர் ரிட்டையர் ஆகிவிட்டான். வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்தவன் தர்பூசணிக் கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினான். முரளி பேரையாவது மாத்துடா என்று காதோரம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவனுடைய ஆபீஸ் முழுக்க இப்போது நீ பிரபலம்.

உங்கள் சிங்கப்பூரில் அடுத்த ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்துக்கு டிக்கெட் போடட்டுமா என்று வாட்சப்பில் கேட்டிருந்தாய். அதிலேயே ஒரு வரி பதில் போட்டிருக்கலாம். ஒரு வரியில் அடங்காது என்பதால் இந்தக் கடிதம். எல்லாம் உன் வீட்டில் வந்து தங்கிவிட்டுப் போன ஆதியால் வந்த வினை.

அக்டோபரில் அவனை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவரும்போதே ஆசையாக ஆரம்பித்தேன். "ரஸ்ஸல் கடைசிவரைக்கும் யாரையும் கிட்ட விடலையாமே, நேர்ல எப்படிடா இருந்தது?" அதற்கு உன் மருமகப்பிள்ளை சொல்கிறான்: "கடைசிப் பத்து லேப் நான் பார்க்கல மாமா. கச்சேரிக்கு முன்னாடி இடம் பிடிக்கணும்னு எல்லாரும் பாடாங் மைதானம் பக்கம் போயிட்டோம்." மெக்லாரன் அணிகளுக்கான பட்டத்தை உறுதி செய்த ராத்திரி அது. பந்தயம் தொடங்கும் முன்பே வெப்ப அபாயம் என்று முதல்முறையாக அறிவித்து, ஓட்டுநர்கள் குளிர்ச்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இதெல்லாம் இங்கே ஃபேனைப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்த எனக்குத் தெரிகிறது. அங்கே வேர்த்து வழிய நின்றவனுக்குத் தெரியவில்லை. "இதுக்காடா விமானம் ஏறின?" என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "நீங்களும் முரளி மாமாவும் சோழவரத்துல பார்த்தீங்களே, யார் ஜெயிச்சாங்க? ஒரே ஒரு ரேஸ் சொல்லுங்க" என்றான்.

கோயம்பேடு வரைக்கும் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

உனக்கு வருகிறதா? மல்லையா அந்த என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியது ஞாபகம் இருக்கிறது. எந்தச் சுற்றில் என்ன ஆனது என்று கேட்டால் தெரியாது. யுத்தகாலத்து விமான ஓடுபாதை, பொட்டல், பிப்ரவரி வெயில், எரிந்த ஆமணக்கெண்ணெய் வாடை. ஒரு வளைவின் ஓரத்தில் நின்றோம், அந்த ஒரு வளைவுதான் நமக்குப் பந்தயம். ஒலிபெருக்கியில் சொன்னது காற்றில் போனது. வெற்றி யாருக்கு என்று அடுத்த நாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அவனுக்குப் போன், நமக்குப் பேப்பர். அவ்வளவுதானே வித்தியாசம் என்று பயல் கேட்காமல் கேட்டுவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை. அப்போது நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் கிடையாது. போனால் அந்த ஒரு வளைவு, போகாவிட்டால் ஒன்றுமே இல்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்தவனுக்கு ஓட்டுநரின் தலைக்குமேல் கேமரா, அவன் பொறியாளரோடு பேசும் பேச்சு, ஆயிரத்தில் ஒரு நொடி வரை நேரக்கணக்கு, டயர் எத்தனை சுற்று ஓடியது என்பதுவரை எல்லாம் திரையில். நேரில் போகிறவனுக்கு இதையெல்லாம் விடப் பெரிதாக ஏதாவது ஒன்று கிடைத்தாக வேண்டும்.

நமக்கு அது மலேசியாவின் செப்பாங்கில் கிடைத்தது. ஷூமாக்கர் காலம், பத்து சிலிண்டர் வி10 எஞ்சின். நிமிடத்துக்கு 19,000 சுற்றுக்குப் பக்கத்தில் சுழன்ற பிசாசு அது. முதல் கார் நேர்ச்சாலையில் வந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். மறுக்காதே. அந்தச் சத்தம் காதுக்கு வரும் முன்னால் விலா எலும்புக்கு வந்தது. எந்த டி.வி.யாலும் தர முடியாத ஒன்று அதுதான். 2014-இல் ஆறு சிலிண்டர் வி6 டர்போ எஞ்சின் வந்தது. புகைபோக்கி வழியாகக் கத்திக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டிய ஆற்றலை டர்போ பிடித்து மின்சாரமாக்கிக்கொண்டது. சிக்கனம் என்ற அளவில் அற்புதமான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வருடம் மெல்போர்னில் பந்தயத்தை நடத்தியவர்களே, ரசிகன் காசு கொடுத்தது இந்தச் சத்தத்துக்கா என்று வெளிப்படையாகக் குறைப்பட்டார்கள். செப்பாங்கில் ஃபார்முலா ஒன் 1999-இல் தொடங்கியது, 2017-இல் அதற்கு மூடுவிழா. செலவு ஏறுகிறது, டிக்கெட் விற்பது குறைகிறது என்று காரணம் சொன்னார்கள். இப்போது 2026 விதிகளில் ஏறக்குறைய பாதி சக்தி மின்சாரமாம். நான் கிழவன், எனக்கு எது சொன்னாலும் புலம்பலாகத்தான் வரும் என்று வைத்துக்கொள். இருந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளத் தேவையில்லாத பந்தயத்துக்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று என் காது கேட்கிறது.

சத்தத்தையாவது விட்டுவிடலாம். என்னை உறுத்துவது 2009. நாம் இரண்டு பேரும் அந்தப் புல்மேட்டில் பிளாஸ்டிக் கோட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. மத்தியானம் தொடங்கவேண்டிய பந்தயத்தைச் சாயங்காலம் 5 மணிக்குத் தள்ளியிருந்தார்கள், ஐரோப்பாவில் இருப்பவன் ஞாயிறு காலை நிதானமாக எழுந்து டி.வி. போட வேண்டும் என்பதற்காக. மலேசியாவில் சாயங்காலமானால் வானம் என்ன செய்யும் என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவனுக்குக் கூடத் தெரியும். கொட்டியது. நிறுத்தினார்கள். அப்புறம் இருட்டிவிட்டது, திரும்பத் தொடங்க வெளிச்சமில்லை. 31 சுற்றோடு கணக்கை முடித்து, ஜென்சன் பட்டனை வெற்றியாளர் என்று அறிவித்து, பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பினார்கள். பந்தயம் நின்றிருந்தபோது ஓட்டுநர் ராய்க்கோனன் ஐஸ்கிரீம் தின்றதைப் பார்த்து உலகமே சிரித்ததே, அந்தக் காட்சியை நாம் பார்க்கவே இல்லை. ஊருக்கு வந்த பிறகு வசந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் டி.வி.யில் பார்த்திருக்கிறாள்.

உங்கள் ஊர் ராத்திரிப் பந்தயமும் அந்தக் கணக்குதானே? அங்கே இரவு 8 மணி என்றால் ஐரோப்பாவில் மதியச் சாப்பாட்டு நேரம். விளக்கெல்லாம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. யாருக்கு அழகு, மேலே ஹெலிகாப்டரில் இருக்கும் கேமராவுக்கு. இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் போட்டோக்காரர்கள் மேடையை வளைத்துக்கொள்ள, தாலி கட்டுவதை நாம் பக்கத்து எல்.இ.டி. திரையில் பார்த்து அட்சதை போடுகிறோமே, அந்த நிலைதான் ஸ்டாண்டில் உட்கார்ந்தவனுக்கும்.

இதில் நாம் யோக்கியர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005 ஜூன், இண்டியானாபோலிஸ். வெள்ளிக்கிழமை ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் அந்தச் சாய்வு வளைவில் போனது. மிஷெலின் டயர் போட்ட கார்கள் ஓட்டுவது ஆபத்து என்று ஆகி, வளைவில் வேகத்தடுப்பு வைப்பதா வேண்டாமா என்று கடைசிவரை சண்டை. தொடங்கும் நேரத்தில் 14 கார் பிட்டுக்குள், அதாவது கார் ஷெட்டுக்குள், போய்விட, மிச்சம் 6 கார் ஓடியது. அந்த ஆறில் ஒன்றில் நம்ம கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன். நான்காவது இடம், 5 புள்ளி. ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியன் புள்ளி எடுத்த முதல் நாள். நீ அங்கிருந்து போன் போட்டுக் கத்தினாய், நான் இங்கிருந்து கத்தினேன், கீழ்வீட்டு ஐயர் என்னமோ ஏதோ என்று கதவைத் தட்டினார். அதே நேரம் ஸ்டாண்டில் இருந்த ஜனம் தடத்துக்குள் பாட்டிலை வீசிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து, குழந்தை குட்டியைக் கூட்டிக்கொண்டு, எத்தனையோ மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள். அவர்களைக் காட்டியபோது நாம் என்ன சொன்னோம்? "என்னடா இவனுங்க, ஓடறவனுக்குக் கை தட்ட மாட்டேங்கறானுங்க." சொன்னது நீயா நானா என்பது தெரியாது. இரண்டு பேரும்தான் என்று வைத்துக்கொள்வோம். பிறகு மிஷெலின் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி, அடுத்த வருடத்துக்கு 20,000 டிக்கெட் வாங்கிக் கொடுத்தது. அந்த மரியாதை கூட எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 2021-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நாள் முழுக்க மழையில் நனைந்தவர்களுக்குப் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்று ஊர்வலம் காட்டி, பந்தயம் நடந்துவிட்டது என்றார்கள். ரசிகர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஹாமில்டனே சொன்னார். 2023-இல் லாஸ் வேகாஸில் சாலையில் பதித்திருந்த மூடி ஒன்று கிளம்பி ஓட்டுநர் சைன்ஸின் காரைக் கிழித்தது. முதல் பயிற்சி எட்டு நிமிடத்தோடு சரி. இரண்டாவது பயிற்சி நடுராத்திரி தாண்டித் தொடங்கும் முன்னால் ஜனத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள். காலி ஸ்டாண்டுக்கு முன்னால் கார்கள் ஓடின, டி.வி.யில் அது குறையாகவே தெரியவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இவ்வளவு சொல்கிறேனே, கூட்டம் குறைந்ததா என்றால் இல்லை. அங்கேதான் என் வாதம் நொண்டுகிறது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் உங்கள் ஊரில் மூன்று நாளில் 3,02,000 பேர். 2023-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 4,80,000, 2024-இல் மெல்போர்னில் 4,52,000. நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்து வந்தவர்கள் என்று நம் வயதுக்காரர்கள் மூக்கைச் சுருக்குகிறார்கள். சுருக்கட்டும். ஆதியோடு வந்த பெண்கள் டயர் தந்திரம் பற்றிப் பேசியதை உமா போனில் சொன்னாளே, சோழவரத்துக் கூட்டத்தில் நம்மைச் சேர்த்து யாருக்காவது அவ்வளவு தெரிந்திருந்ததா? பெண்கள் அங்கே நிம்மதியாக நிற்க முடிந்ததா? வசந்தி ஒரே ஒரு தடவை வந்துவிட்டு ஏன் மறுபடி வரவில்லை என்று நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடம் கழித்துப் போன வாரம் கேட்டேன். "கழிப்பறை இல்ல, கூட்டத்துல கை வேற" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

2024-இல் தீவுத்திடல் பந்தயத்துக்கு அவளைக் கூட்டிப்போனது அதனால்தான் எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்துப்போட்ட பந்தயம் அது. சனிக்கிழமை தடத்துக்கு அனுமதிச் சான்று வரத் தாமதம், ராத்திரியாகித்தான் கார் வெளியே வந்தது. மூன்றரைக் கிலோமீட்டர் தடத்தில் நமக்குத் தெரிந்தது வேலிக் கம்பிக்கு நடுவே ஒரு வண்ணக்கோடு. ஃபார்முலா ஒன்னை விடச் சின்ன ஃபார்முலா 4 கார் என்பதால் சத்தமும் சாதுவானது. என் கணக்குப்படி எல்லாமே குறை. ஆனால் நேப்பியர் பாலம்டா! நாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன சிவானந்தா சாலையில் ஒருத்தன் பிரேக்கைக் கடைசி நொடியில் மிதிக்கிறான். பக்கத்தில் ஒரு பாட்டி பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இவனுங்களுக்கு ஃபைன் கிடையாதா?" என்று கேட்டாள். வசந்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே. பந்தயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அள்ளி விட்டேன், ஒன்றையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று அவளும் கேட்கவில்லை. ஆதியைத் திட்ட எனக்கு வாய் ஏது?

அதனால் என் பதில்: சிங்கப்பூர் டிக்கெட் வேண்டாம். அந்தக் காசுக்கு நீயும் உமாவும் இங்கே வாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயம் வரும்போது போவோம். 1990-இல் திறந்த புதிதில் நாம் மூக்கைச் சுளித்த அதே தடம்தான், கூட்டம் இன்றைக்கும் சொற்பம். கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம், மெக்கானிக் பையன் நிமிர்ந்து பார்த்தால் பேசலாம், பத்தொன்பது வயது ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்குவதைக் கேட்கலாம். 1993-இல் நரேன் மாருதி எஞ்சின் போட்ட ஃபார்முலா காரில் தொடங்கியது அங்கேதான். அந்தக் காரைக் கட்டிய கரிவரதனின் பேரில் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் தடத்தை நீ இன்னும் பார்க்கவில்லை. 2.1 கிலோமீட்டர்தான். கார் கண்ணை விட்டு மறைவது கொஞ்ச நேரமே. யார் முன்னால், யார் பின்னால் என்று நம் கண்ணாலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம், திரை வேண்டாம். எனக்கு ஒருமுறையாவது ஒரு பந்தயத்தை முழுசாக, யார் ஜெயித்தான் என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

கோவைக்கு ரயிலில் போகலாம், சேரனில் இடம் போட நாள் மட்டும் முன்கூட்டியே சொல். தொப்பி கொண்டு வா. போன தடவை என்னுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திருப்பித் தரவில்லை.

அன்புடன்,
சங்கர்