தலைமை மாறும்போது சின்னம் யாருக்கு?

ஆசிரியருக்கு,

மாநிலக் கட்சிகளில் மகன் தலைவராகலாமா, அண்ணன் மகன் ஆகலாமா என்று ஊரே விவாதிக்கிறது. இரு தரப்பும் முறைத்துக்கொள்ளும் நாளில் கட்சி யார் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பது 1968ஆம் ஆண்டு தேர்தல் சின்னங்கள் ஆணையின் 15ஆவது பத்தி. அதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

தேர்தல் ஆணையம் பார்ப்பவை மூன்று: கட்சியின் குறிக்கோள், சட்ட விதிகள், பெரும்பான்மை. பெரும்பான்மைக்கு மேடைக் கோஷம் செல்லாது. ஒவ்வொருவரும் தனித்தனியே கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் வேண்டும்.

2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் சமாஜ்வாதி கட்சியில் அப்பா முலாயமும் பிள்ளை அகிலேஷும் சைக்கிள் சின்னத்துக்குப் போட்டியிட்டார்கள். 228 எம்.எல்.ஏ.க்களில் 205 பேர், 68 மேலவை உறுப்பினர்களில் 56 பேர், 5,731 மாநாட்டுப் பிரதிநிதிகளில் 4,400 பேர் என்று அகிலேஷ் தரப்பு பத்திரங்களைக் குவித்தது. முலாயம் தரப்போ பிளவே இல்லை, மகன் கூட்டிய மாநாடு செல்லாது என்று வாதாடியதோடு சரி. ஆதரவாளர்களின் பத்திரங்களைத் தரவில்லை. 1992இல் கட்சியைத் தொடங்கியவர் என்பது எடுபடவில்லை. ஜனவரி 16 அன்று சைக்கிள் மகனுக்குப் போனது.

அங்கே பிரதிநிதிகளின் தலையையாவது எண்ண முடிந்தது. மகாராஷ்டிரத்தில் உத்தவ் தாக்கரே அணி, ஷிண்டே அணி என்று பிளந்த சிவசேனாவில் அதற்கும் வழியில்லை. 2018இல் திருத்திய விதிகள் ஆணையத்தின் கோப்பிலேயே இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்களைத் தலைவரே நியமிக்கும் ஏற்பாடு வேறு! கடைசியில் 55 எம்.எல்.ஏ.க்களில் 40 பேர் என்ற பலத்தை வைத்து 2023 பிப்ரவரி 17 அன்று வில் அம்பு சின்னம் ஷிண்டே அணிக்குக் கிடைத்தது. காலமெல்லாம் சுவரொட்டி ஒட்டிய ஷாகா (கிளை) தொண்டர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இது பெரிய அநியாயம். அதற்கு இடம் கொடுத்தது கட்சித் தலைமைதான்.

சின்னம் முடங்கினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1989 சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலை இல்லாமல் சேவலாகவும் புறாவாகவும் நின்ற அ.தி.மு.க. அணிகள் 27 இடம், 1 இடம் என்று சுருங்கின.

தலைவர் திடமாக இருக்கும்போதே கிளை முதல் பொதுக்குழு வரை உட்கட்சித் தேர்தலை நடத்திவிட வேண்டும். பொதுக்குழு உறுப்பினர் பட்டியலையும் விதித் திருத்தங்களையும் ஆணையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை பதித்த நகலைத் தலைமை அலுவலகத்தில் வைக்க வேண்டும். தலைவர் பதவி காலியானால் பொதுக்குழுவை யார், எத்தனை நாளுக்குள் கூட்டுவது என்று விதியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாத கட்சியில் ஆளுக்கொரு பொதுக்குழு கூடும். இரண்டிலும் ஒரே உறுப்பினரின் கையெழுத்து இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்