சான்றிதழ் கொடுத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் நாய் வளர்ப்புக் கட்டுரை படித்தேன். அதில் ஒரு வரி: ‘இப்போது சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள் நிறைய இருப்பதால், கவலையின்றி நாயை ஒப்படைக்கலாம்.’ அந்தக் ‘கவலையின்றி’யைப் பார்த்ததும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தேன். அது ஆறிப்போய் ஏடு கட்டும்வரை எடுக்கவில்லை.

சான்றிதழைக் கொடுத்தது யார், எத்தனை நாள் படிப்பு, பரீட்சை உண்டா என்று ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இடம் இல்லாமல் விட்டிருப்பீர்கள். அதே பக்கத்தின் அடியில் நாய்ப் பயிற்சி விளம்பரத்துக்குக் கால் பக்கம் இடம் இருந்தது. தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் 31 வருஷம் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபிட்டருக்கு 2 வருஷப் படிப்பு. பையன் இரும்புத் துண்டை அராவிக் கொண்டுவருவான். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடிப்பேன். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் ‘போ, மறுபடி அராவு’ என்பேன். இரண்டு வருஷமும் இப்படிப் போன பிறகு எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் முடிந்துதான் அவன் கைக்குச் சான்றிதழ் வரும். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் தனியாகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அது இரும்பு. கெட்டுப்போனால் ஓரமாகப் போட்டுவிட்டு வேறு துண்டு எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவன்தான் மூன்று வருஷத்துக்கு முன் ஏமாந்தேன்.

எங்கள் கருப்பன் நாட்டு நாயும் லேப்ரடாரும் கலந்தவன். சாப்பிடும்போது யாராவது தட்டுப் பக்கம் போனால் உறுமுவான். அது ஒன்றுதான் அவனிடம் குறை. பேரன் லீவுக்கு வருவான் என்று பயந்து, புதுச்சேரிப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் 21 நாள் விட்டோம். 18,000 ரூபாய். அங்கே சுவரில் கண்ணாடி போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. தங்க நிறத்தில் வட்ட முத்திரை, ‘இன்டர்நேஷனல்’ என்று பெரிய எழுத்து. ஆயிரக்கணக்கான பையன்களின் சான்றிதழைச் சரிபார்த்தவன், அன்றைக்கு அதன் கிட்டப் போய்ப் படிக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் கருப்பன் வந்தான். ‘உட்கார்’ என்றால் உட்கார்ந்தான், ‘படு’ என்றால் படுத்தான். என் மனைவிக்கு ரொம்ப சந்தோஷம். சாயங்காலம் நான் கதவைப் பூட்ட ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் கருப்பன் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்து, அங்கேயே மூத்திரம் விட்டான். கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு மயிர் இல்லை. இரண்டு இடத்தில் புண் காய்ந்து பக்கு கட்டியிருந்தது. இழுத்தால் இறுகும் சங்கிலி போட்டுச் சுண்டிச் சுண்டி இழுத்திருக்கிறார்கள். சாவிச் சத்தம் அவனுக்கு அந்தச் சங்கிலிச் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

அதன்பிறகு கருப்பன் உறுமவே இல்லை. குணமாகிவிட்டான் என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்துப் பேரன் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தான். கருப்பன் சத்தமே இல்லாமல் அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, 0, 3, 7, 28 ஆம் நாள் என்று ஊசி போட்டோம். அப்புறம் ஒரு கால்நடை மருத்துவரிடம் கருப்பனைக் காட்டினேன். “உறுமுறப்பல்லாம் அடிச்சிருக்காங்க சார். அது உறுமுறதை விட்டுடுச்சு, கோபத்தை விடலை. முன்னாடி எச்சரிச்சுட்டுக் கடிச்சிருக்கும், இப்ப நேரா கடிக்குது” என்றார்.

பயிற்சியாளருக்குப் போன் போட்டுச் சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். “ஆன்லைன் கோர்ஸ் சார், ரெண்டு நாள்” என்றார். பரீட்சை? “வீடியோ முழுசாப் பார்த்தா சர்டிஃபிகேட் வந்துடும் சார்.” அந்த இரண்டு நாளில் நாயைத் தொட்டதுண்டா? “வீடியோ பார்க்க நாய் எதுக்கு சார்?” பொய் சொல்லவில்லை, அந்த மட்டுக்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். நம் நாட்டில் பஜ்ஜிக் கடை போடுகிறவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். நாய்க்கு ஊசி போடுகிறவர் ஐந்தரை வருஷம் படித்து, கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். குட்டி போட வைத்து விற்பவருக்கு 2017 இலும், செல்லப்பிராணிக் கடைக்கு 2018 இலும் விதிகள் வந்துவிட்டன. நடுவில் பயிற்சியாளருக்கு மட்டும் உரிமமும் இல்லை, தேர்வும் இல்லை. நாளைக் காலையில் நானே ஒரு போர்டு மாட்டலாம், நீங்களும் மாட்டலாம்.

அடித்தது குற்றமில்லையா என்றால், குற்றம்தான். 1960 ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கருப்பனுக்கு நான் கட்டிய பணத்தில் 360 தடவை கட்டலாம்.

ஜெர்மனியில் 2014 ஆகஸ்டிலிருந்து, காசு வாங்கி நாய்க்குப் பயிற்சி கொடுக்கிறவர் அரசு அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவில் சட்டம் கேட்பதில்லை. ஆனால் அங்கே ஒரு தேர்வு வாரியம், 300 மணி நேரம் பயிற்சி கொடுத்த அனுபவத்தைக் காட்டினால்தான் பரீட்சை எழுதவே விடுகிறது. கொடுத்த சான்றிதழை 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன், எல்லைப் பாதுகாப்புப் படை குவாலியர் பக்கம் டேக்கன்பூரில் நாய்ப் பயிற்சி மையம் நடத்துகிறது. நாயோடு அதைக் கையாளும் வீரரும் அங்கே மாதக்கணக்கில் பழகுகிறார். நம் ஊரில் இரண்டே நாளில் ‘இன்டர்நேஷனல்’.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘வீட்டுக்கு ஏற்ற நாய்கள்’ என்று போன வருஷம் ஒரு பட்டியல் போட்டு அதில் பனிப் பிரதேச நாயான சைபீரியன் ஹஸ்கியைச் சேர்த்திருந்தீர்கள். கடலூர் மே மாத வெயிலில் செம்மண்டலத்தில் நின்று பார்த்தவர் அதை எழுதியிருக்க மாட்டார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று இந்த மண்ணின் நாய்கள் இருக்கின்றனவே என்று மூன்று பக்கம் எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் வாசகர் கடிதம் பகுதியில் என் பெயரோடு வந்தது ஒரே வரி: ‘நாய்கள் பற்றிய கட்டுரை பயனுள்ளதாக இருந்தது.’ அக்கம்பக்கத்தில் நாலு பேர் பார்த்துவிட்டு வந்து வாழ்த்தினார்கள். பத்திரிகை விலை ஏறியபோதுகூட நான் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டம் கொண்டுவரச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை, அது உங்கள் வேலையும் இல்லை. இனி ‘சான்றிதழ் பெற்ற’ என்று அச்சிடும்போது பக்கத்தில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: கொடுத்தவர் யார், எத்தனை நாள், நாயைத் தொட்டுச் செய்முறைத் தேர்வு உண்டா. விளம்பரத்துக்கும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுக் காசு வாங்கினால் நல்லது. ஒப்படைக்கும் முன் பயிற்சி நடக்கும்போது கூட நின்று பார்க்க விடுகிறார்களா என்று கேட்கச் சொல்லியும் எழுதலாம். நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். சுருக்கிக்கொள்ளுங்கள். கட்டுரை பயனுள்ளதாக இருந்தது என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்படி நான் எங்கேயும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.