திரையில் தோன்றும் தமிழ் தனிக் கோப்பில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்துக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். தமிழில் செயலிகள் பெருகிவருவது மகிழ்ச்சி தருகிறது; ஆனால் அவற்றுக்குள் தமிழை எங்கே வைக்கிறார்கள் என்பது கவலை தருகிறது.

அண்மையில் ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றில், வேறொருவர் எழுதிய மென்பொருள் அச்சிட்ட ரசீதைப் பார்த்தேன். ‘பெறப்பட்டது ரூ. 500 இருந்து வள்ளியம்மை’ என்றிருந்தது. கணக்கு எழுதும் அம்மாள் ஒவ்வொரு தாளிலும் அதைப் பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாக நிரலுக்குள்ளேயே, அதாவது கணினிக்கான கட்டளைகளுக்கு நடுவிலேயே, எழுதி, அந்தத் துண்டுகளை மட்டும் தமிழாக்கியதன் விளைவு இது. ஒரு சொல்லை மாற்றவும் நிரலைத் திறந்து, மறுபடி கம்பைல் செய்து (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி) நிறுவ வேண்டும்; எழுதியவரோ வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

திரையிலும் தாளிலும் வரும் சொற்றொடர்களை நிரலிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டு, மொழிக்கொரு கோப்பாக வைக்கும் முறைக்குத்தான் ரிசோர்ஸ் ஃபைல் என்று பெயர். மென்பொருள் எழுதப் பயன்படும் தளத்துக்கேற்ப, ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரிங்ஸ் எக்ஸ்எம்எல், டாட்நெட்டில் ரெஸ்எக்ஸ், ஜாவாவில் ப்ராப்பர்ட்டீஸ் எனக் கோப்பின் பெயர்தான் மாறும். பெயரும் தொகையும் வர வேண்டிய இடங்களைக் காலியாக விட்டு அதில் எண்ணிட்டுவிடலாம், நிரல் அவற்றை நிரப்பிக்கொள்ளும் என்பதால், தமிழ் வாக்கியம் தன் வரிசையிலேயே நிற்கும். வேற்றுமை உருபில் மட்டும் கவனம் வேண்டும்: வள்ளியம்மையோடு ‘இடமிருந்து’ சேர்ந்தால் இடையில் யகரம் வரும், முருகனோடு சேர்ந்தால் வராது, நிரல் இந்தப் புணர்ச்சியைத் தானாக அறியாது. ‘செலுத்தியவர்: வள்ளியம்மை, தொகை: ரூ. 500’ என்று அமைத்தால் சிக்கல் தீர்ந்தது. இதைச் சொல்ல ஒரு தமிழாசிரியர் போதும். கோப்பு தனியாக இருந்தால்தான் அதை அவர் கையில் கொடுக்க முடியும்.

முன்பு இதற்குத் தயங்கியதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கத்திலேயே வாசிக்கப்பட்டதால், ‘அ’ என்ற ஓரெழுத்தைக்கூட ஆறு குறிகள் கொண்ட யூனிகோட் எண்வடிவில் எழுத வேண்டியிருந்தது. 2017-இல் ஜாவா 9 வந்த பிறகு, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 குறியாக்கக் கோப்பில் தமிழை நேராகவே தட்டச்சு செய்யலாம். இன்றும் நிரலுக்குள் தமிழைப் புதைப்பதற்குக் காரணம் அவசரம் ஒன்றுதான்.

கோப்பு இருந்தும் பாதித் திரை ஆங்கிலத்தில் தெரியும் செயலிகளும் உண்டு. தமிழ்க் கோப்பில் ஒரு வரி விடுபட்டால், செயலி முறையிடாமல், மொழி எதுவும் குறிக்காத இயல்புக் கோப்பில் உள்ள ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் கருவியான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இந்த விடுபாட்டைச் சுட்டிக்காட்டத்தான் செய்கிறது. எச்சரிக்கையை அணைத்துவிட்டு வெளியிடுகிறார்கள். ஆங்கில ‘சப்மிட்’டுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காமல் ‘சமர்ப்பி’யோடு வெட்டுப்படுவதையும் வெளியிடும் முன் யாராவது ஒருவர் திரையில் பார்த்திருக்க வேண்டும்.

அரசு அலுவலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் மென்பொருளுக்கு ஒப்பந்தம் கோரும்போது, தமிழ் ரிசோர்ஸ் ஃபைலை முழுமையாகவும் தனியாகவும் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டுகிறேன். தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பிய எங்கள் ஊரின் கல்லூரிகள், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை மதிப்பிடும்போது இதற்கும் மதிப்பெண் ஒதுக்கலாம்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதும் வாசகர்,
காரைக்குடி