பாக் நீரிணைக்குள் நுழையாத போர்க்கப்பல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் போர்க்கப்பல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1805-ஆம் ஆண்டின் டிரஃபால்கர் போரையும், மூன்று பீரங்கித் தட்டுகளுடன் கட்டப்பட்ட 'விக்டரி' கப்பலையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆயினும், இவ்வகைக் கப்பல்களின் கதை முழுவதும் ஐரோப்பியக் கடல்களிலேயே நடந்து முடிந்தது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் தங்கிவிடக் கூடாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை, சுஃப்ரான் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படையும் எட்வர்ட் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலேயக் கடற்படையும் ஐந்து முறை மோதின. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் ஆகிய மூன்றும் நம் கரையோரப் போர்கள். மற்ற இரண்டும் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி நடந்தவை. அக்காலக் கப்பல்களில் பீரங்கிகள் பெரும்பாலும் இரு பக்கவாட்டிலுமே இருந்ததால், கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றே சுட வேண்டியிருந்தது. அந்த வரிசையைக் கட்டுவதும் கலைப்பதும் காற்றின் கையில் இருந்தன. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் சண்டை உச்சத்தில் இருந்தபோது, நண்பகலுக்குப் பின் காற்று திடீரெனத் திசை மாறித் தெற்கிலிருந்து வீச, இரு வரிசைகளும் குலைந்து போயின. ஆனி மாதத்தில் காலையில் கச்சான் என்னும் மேல்காற்று வீசுவதும், உச்சிப்பொழுது சாய்ந்ததும் கடற்காற்று ஏறுவதும் எங்கள் கரையில் தொழிலுக்குப் போகும் எவருக்கும் தெரிந்த செய்தி. கப்பற்படைத் தளபதிகள் இருவரின் திட்டத்தையும் அன்று கலைத்தது அந்தக் காற்றுதான் என்று நான் கருதுகிறேன்.

என் தந்தையார் தொண்டியில் ஓடாவியாக, அதாவது படகு கட்டும் தச்சராக இருந்தவர். வத்தை என்னும் நாட்டுப் படகுக்கு அடிமரமான ஏராவை வைக்கும்போதே, அது எவ்வளவு தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்டு அறிவார். பாக் நீரிணையின் மேடுகளையும் பார்களையும் தாண்ட வேண்டிய படகுக்கு அதுவே முதல் கணக்கு. எழுபத்து நான்கு பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பல் மிதக்க ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் தேவைப்பட்டது. இராமர் சேதுவின் மணல் திட்டுகளுக்கிடையே பல இடங்களில் ஆழம் ஓரிரு மீட்டர்தான். பாம்பன் வழியும் அப்படியே. பிற்காலத்தில் பாறைகளை உடைத்து ஆழப்படுத்திய பின்னரும் சிறு கப்பல்களே அதில் சென்றுவந்தன. ஆகவே, எங்கள் தோணிகள் நாள்தோறும் கடந்த வழியில் உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல்கள் நுழைய முடியாமல், பம்பாயிலிருந்து சென்னைக்கு வருவதற்கு இலங்கைத் தீவை முழுவதும் சுற்ற வேண்டியிருந்தது.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைத் துறைமுகத்துக்காக வல்லரசுகள் அடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். சோழமண்டலக் கரையில் வாடைக் காலத்தில் பெரிய கப்பல்களுக்குப் புகலிடம் கிடையாது. 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்த சில வாரங்களிலேயே, பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனேயின் கப்பல்கள் புயலில் சிதைந்தன. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து பறித்த திருகோணமலையை அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சுஃப்ரான் கைப்பற்றிவிட்டதால், ஹியூஸ் பருவமழைக்கு அஞ்சிப் பம்பாய் வரை செல்ல வேண்டியதாயிற்று. ஐந்து போர்களிலும் எந்தப் பெருங்கப்பலும் எதிரியின் கைக்குப் போகவில்லை. முறிந்த பாய்மரத்தை மாற்றவும், ஓட்டை அடைக்கவும், குடிநீர் ஏற்றவும் துறைமுகம் வைத்திருப்பவரே கடலில் நிலைக்க முடியும் என்பதால், பீரங்கிகளின் எண்ணிக்கையைவிடத் துறைமுகமே இங்கு பெரிய பொருளாக இருந்தது. கட்டுரையில் இது ஒரு வரியாகக்கூட இடம்பெறாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

1782-இல் திருகோணமலைக்கு அப்பால் நடந்த போரின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல், 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சி வல்லுநர்களால் மலபார் தேக்கில் கட்டப்பட்டு, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டு மரமும் நம் நாட்டுத் தொழிலாளரின் கையும் இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் உள்ள அருங்காட்சியகத்தில், பாக் நீரிணையின் ஆழங்களையும் பருவக்காற்றுகளையும் 1782-இல் கப்பல்கள் சென்ற வழிகளையும் காட்டும் ஒரு பெரிய வரைபடத்தை, ஒரு வத்தையின் மாதிரியுடன் சேர்த்து வைக்கத் தொல்லியல் துறை முன்வர வேண்டும். வத்தை கட்டத் தெரிந்த முதிய ஓடாவிகள் சிலர் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். மாதிரியை அவர்களைக் கொண்டே செய்விக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தொண்டி, இராமநாதபுரம் மாவட்டம்.