ஐன்ஸ்டைன் சொன்னார், சரி; எப்போது, யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் பக்கத்தில் ஐன்ஸ்டைன் படத்தைப் பெரிதாகப் போட்டு, அரசியல், மதம், அமைதி பற்றி அவர் உதிர்த்த பொன்மொழிகள் என்று ஒரு கட்டம் கட்டியிருந்தீர்கள். ஒன்றின் கீழும் தேதி இல்லை. யாரிடம் சொன்னார், எதில் எழுதினார் என்ற குறிப்பும் இல்லை. பணிக்காலம் முழுவதும் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். அலகு எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் போட்டதில்லை. தேதி இல்லாத மேற்கோளும் எனக்கு அந்த ரகம்தான்.

முதலில் கடவுள் விஷயம். மதமில்லாத அறிவியல் முடம், அறிவியல் இல்லாத மதம் குருடு என்ற வரிக்கு முதலிடம் கொடுத்திருந்தீர்கள். எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலரிலும் இதே வரி வந்தது, பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திக்குப் பக்கத்திலேயே. 1940-இல் நியூயார்க்கில் அறிவியல், தத்துவம், மதம் மூன்றையும் பற்றி நடந்த மாநாட்டுக்கு அவர் எழுதிய கட்டுரையில் உள்ள வரி அது. அதே கட்டுரையில் இன்னும் சற்றுத் தள்ளிப் படித்தால், மனிதர்களின் வாழ்க்கையில் தலையிட்டுப் பலனும் தண்டனையும் தரும் கடவுள் என்ற கொள்கையை மதபோதகர்கள் கைவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதற்காக அமெரிக்கா முழுவதிலுமிருந்து வசைக் கடிதங்கள் வந்தன. ஜெர்மனிக்கே திரும்பிப் போ என்று எழுதியவர்களும் உண்டு. மலர்க்குழுவினர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் வாழ்த்துச் செய்திகளை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

கடவுள் பகடை ஆடுவதில்லை என்பதும் இதே கதைதான். 1926 டிசம்பரில் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில் வரும் கருத்து அது. இயற்கையின் அடித்தளமே நிகழ்தகவுதான் என்று குவாண்டம் கோட்பாடு சொன்னதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்தச் சண்டை சக இயற்பியலாளரோடு. பூஜை அறைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எதிர்த்தரப்பு மட்டும் சளைத்ததா? நாத்திக நண்பர்கள் 1954 ஜனவரியில் தத்துவ எழுத்தாளர் எரிக் குட்கிண்டுக்கு ஐன்ஸ்டைன் எழுதிய கடிதத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். கடவுள் என்ற சொல் மனித பலவீனத்தின் விளைவு, பைபிள் மதிப்புக்குரியதானாலும் பழங்காலக் கதைகளின் தொகுப்பு என்று அதில் எழுதியிருப்பது உண்மை. 2018-இல் ஏறத்தாழ 29 லட்சம் டாலருக்கு ஏலம் போன கடிதம் அது. ஆனால் இதே மனிதர் கட்சி கட்டிச் சண்டைக்கு வரும் நாத்திகர்களோடும் ஒட்டவில்லை. 1929-இல் நியூயார்க் யூத மதகுரு ஹெர்பர்ட் கோல்ட்ஸ்டைன் தந்தி அடித்தார்: கடவுளை நம்புகிறீர்களா? ஐம்பது சொற்களுக்குள் பதில், செலவு முன்பணமாகக் கட்டியாகிவிட்டது. ஸ்பினோசாவின் (பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர்) கடவுளை நம்புகிறேன், இருப்பவை அனைத்தின் ஒழுங்கான இசைவில் வெளிப்படும் கடவுளை. மனிதர்களின் விதியிலும் செயலிலும் தலையிடும் கடவுளை அல்ல என்று பதில் போனது. ஐம்பது சொல்லுக்குள் அடங்கிய இந்தப் பதிலுக்கும் கால் நூற்றாண்டு கழித்துக் குட்கிண்டுக்கு எழுதியதற்கும் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. ஐன்ஸ்டைனின் மத நம்பிக்கை இது என்று எங்கோ படித்துவிட்டு அவரிடமே கேட்ட ஒருவருக்கு அதே 1954-இல், அது பொய், திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பொய் என்று அவரே கோபமாக எழுதியிருக்கிறார். உயிரோடு இருக்கும்போதே அவருக்கு இந்த கதி.

மதத்தில் பெரிதாக மாறாதவர், போர் விஷயத்தில் மாறினார். உங்கள் கட்டத்தின் பெரிய குறை இங்கேதான்.

1914-இல், அவர் பெர்லினுக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில், ஜெர்மன் அறிவாளிகள் 93 பேர் ஓர் அறிக்கை விட்டார்கள். போருக்கு ஜெர்மனி காரணமில்லை, பெல்ஜியத்தின் நடுநிலையை நாங்கள் மீறவில்லை என்று சாதித்தது அந்த அறிக்கை. கையெழுத்திட்டவர்களில் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் உண்டு, வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் உண்டு, எக்ஸ்ரே கண்டுபிடித்த ரான்ட்ஜன் உண்டு. அதை மறுத்து மருத்துவப் பேராசிரியர் நிக்கோலாய் ஓர் எதிர் அறிக்கை தயாரித்தார். அதில் கையெழுத்துப் போட முன்வந்தவர்கள் அவரையும் சேர்த்து நான்கே பேர். ஒருவர் ஐன்ஸ்டைன். அவரைப் பெர்லினுக்கு அழைத்து வந்ததே பிளாங்க்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 35 வயதில் அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று புரியும்.

1930 டிசம்பரில் நியூயார்க்கில் பேசும்போது, படைக்கு அழைக்கப்படுபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் மறுத்தால் போதும், அரசுகளால் ஒன்றும் செய்ய முடியாது, அத்தனை பேரை அடைக்கச் சிறையில் இடமிருக்காது என்றார். இளைஞர்கள் 2% என்று எழுதிய பட்டனைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். என்னைக் கேட்டால் இது வெகுளித்தனம். தேவைப்பட்டால் அரசுகள் சிறைகளைக் கட்டிக்கொள்ளும்.

மூன்றே வருடத்தில் ஹிட்லர் வந்துவிட்டார். ஐன்ஸ்டைன் பெல்ஜியக் கடற்கரையில் தங்கியிருந்தார். படையில் சேர மறுத்துச் சிறையிலிருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு ஆதரவாகப் பேசும்படி அமைதி இயக்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஜூலை 1933-இல் அவர் எழுதிய பதில் அவர்களைத் தூக்கி வாரிப்போட்டது. நான் பெல்ஜியனாக இருந்தால் இன்றைய நிலையில் ராணுவ சேவையை மறுக்க மாட்டேன், மகிழ்ச்சியோடு சேருவேன் என்றார். துரோகி, கோழை என்ற ஏச்சு கிளம்பியது. 1914-இல் ஜெர்மனி மிதித்துக்கொண்டு போன அதே பெல்ஜியம், 1940-இல் மறுபடி மிதிபட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கடிதத்தைப் படிக்கிற மாணவனுக்கு, கொள்கை மாறியதா அல்லது நிலைமை மாறியதா என்று யோசிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். கட்டத்தில் அச்சடித்த ஒற்றை வரியில் அது ஏது?

காந்தியைப் பற்றிய வரியும் இருந்தது: இப்படி ஒருவர் ரத்தமும் சதையுமாக இந்த மண்ணில் நடமாடினார் என்பதை வருங்காலத் தலைமுறைகள் நம்புவதே கடினம். அதை ‘மகாத்மா மறைவின்போது’ என்று தலைப்பிட்டு வெளியிட்டது தவறு. அது காந்தியின் எழுபதாவது பிறந்த நாளுக்காக, நம் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன் 1939-இல் தொகுத்த மலருக்கு எழுதப்பட்டது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 2 தேதியிட்டு, யுரேனியத்திலிருந்து மிகுந்த சக்தி வாய்ந்த குண்டு செய்ய முடியும், ஜெர்மனி முந்திவிடக் கூடும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டைன் கையெழுத்திட்டதும் அதே 1939-இல். இயற்பியலாளர் லியோ சிலார்ட் முன்னின்று தயாரித்த கடிதம் அது. அகிம்சைக்கு வாழ்த்தும் அணுகுண்டுக்கு எச்சரிக்கையும் ஒரே ஆண்டில், ஒரே பேனாவில். குண்டு செய்யும் வேலையில் அவரைச் சேர்க்கவில்லை; அரசியல் காரணமாக நம்பத் தகாதவர் என்று ராணுவம் ஒதுக்கிவிட்டது.

1952-இல் ஜப்பானின் கைஸோ பத்திரிகை அவரிடம் நேராகவே விளக்கம் கேட்டது. ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டதுதான் என் பங்கு, ஜெர்மனி முந்தும் என்ற அச்சத்தில் வேறு வழி தெரியவில்லை என்று சொல்லி, காந்தி காட்டிய வழியைச் சுட்டி முடித்தார். 1922-இல் அவரை ஜப்பானுக்கு அழைத்ததும் இந்தக் கைஸோ நிறுவனம்தான். அந்தப் பயணத்தில் கப்பல் கொழும்பில் நின்றபோது, மனிதர் இழுக்கும் ரிக்ஷாவில் ஏறியதற்கு வெட்கப்பட்டு நாட்குறிப்பில் எழுதினார். அதே நாட்குறிப்பில் சீனர்களைப் பற்றி இழிவாகவும் எழுதி வைத்திருக்கிறார். அவரை மகானாக்க நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களையும் படிக்கட்டும். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, கறுப்பின மாணவர்கள் படிக்கும் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய், இனவெறி வெள்ளையர்களின் நோய் என்று பேசியதும் இவர்தான்.

அரசியலில் நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவர் சோஷலிசத்தை ஆதரித்து 1949-இல் எழுதியது, 1952-இல் இஸ்ரேல் ஜனாதிபதி பதவியை மறுத்தது எல்லாம் பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது புரூக்ளின் ஆங்கில ஆசிரியர் வில்லியம் ஃபிராவுன்கிளாஸின் கதை. மெக்கார்த்தி என்ற அமெரிக்க செனட்டர் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலம். கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றி விசாரிக்க செனட் குழு அவரை அழைத்தது. அவர் பதில் சொல்ல மறுத்தார். வேலைக்கு ஆபத்து. ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். 1953 மே மாதம் பதில் வந்தது: அழைக்கப்படும் ஒவ்வொரு அறிவாளியும் சாட்சி சொல்ல மறுக்க வேண்டும், சிறைக்கும் வறுமைக்கும் தயாராக இருக்க வேண்டும், காந்தியின் ஒத்துழையாமை தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இதை ரகசியமாக வைத்திருக்கத் தேவையில்லை என்றும் சேர்த்திருந்தார். ஜூன் 12 அன்று நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பது ஒரு தீமையை இன்னொரு தீமையால் தாக்குவதாகும் என்று தலையங்கத்தில் கண்டித்தது. இப்படி அறிவுரை சொல்பவர் அமெரிக்காவின் எதிரி என்றார் மெக்கார்த்தி. அப்படியானால் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஜார்ஜ் வாஷிங்டன் செய்ததும் தவறா என்று பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அதே பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார்.

ஆசிரியரின் வேலை போயிற்று. அறிவுரை சொன்னவர் 74 வயதில், உலகப் புகழோடு, பிரின்ஸ்டனில் பத்திரமாக இருந்தார். சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்திய எனக்கு இந்த இடம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு உட்கார்ந்து பதில் எழுதி, அதை ஊரறியச் செய்யவும் சம்மதித்தாரே, அதற்கு அவரை விட்டுக்கொடுக்க மனமில்லை. அமெரிக்க உளவுத் துறை அவரைப் பற்றிச் சேர்த்த கோப்பு 1,400 பக்கங்களைத் தாண்டியது என்பதும் தெரிந்ததுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. காந்தி பற்றிய தலைப்பைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். அக்டோபர் 2 அன்று மாணவர்கள் மேடையில் அதைத்தான் ஒப்பிக்கப் போகிறார்கள். அடுத்து, பொன்மொழிக் கட்டத்துக்குப் பதிலாக ஒருமுறை ஃபிராவுன்கிளாஸுக்கு எழுதிய கடிதத்தை முழுமையாகத் தமிழில் போடுங்கள். சின்னக் கடிதம்தான், ஒரு பத்தியில் அடங்கிவிடும். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நானே செய்து அனுப்புகிறேன். சன்மானம் வேண்டாம், தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி