நாலெழுத்துக்கு முன்னால்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள மகிழினிக்கு,

பிசிஎம்பியா, பிசிஎம்சியா, இல்லை கணக்கே வேண்டாமென்று வணிகப் பிரிவான செபாவா என்று மூன்று நாளாகக் கேட்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். "நாலெழுத்துப் படி" என்று உன் ஆச்சி சொல்வார்களே, இங்கே பியு காலேஜில், அதாவது பத்தாவதுக்குப் பிறகான இரண்டு வருடப் படிப்பில், அது நிஜமாகவே நாலெழுத்துதான்.

பியுவில் ஆறு பேப்பர், ஒவ்வொன்றும் 100 மார்க். இரண்டு மொழி, நாலு பாடம். பிசிஎம் என்பது இயற்பியல், வேதியியல், கணக்கு. நாலாவது எழுத்து பி என்றால் உயிரியல், சி என்றால் கம்ப்யூட்டர், இ என்றால் எலக்ட்ரானிக்ஸ், எஸ் என்றால் புள்ளியியல். உன் தோழிகள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த நாலாவது எழுத்துக்காகத்தான். ஆனால் கர்நாடக நுழைவுத் தேர்வான சிஇடியில் இன்ஜினியரிங் ரேங்க் போடும்போது பியுவின் பிசிஎம் மார்க்கில் பாதி, சிஇடி மார்க்கில் பாதி எடுக்கிறார்கள். நாலாவது பாடம் அந்தக் கணக்கிலேயே வராது. பியுவில் கம்ப்யூட்டர் எடுக்காதவருக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

யோசிக்க வேண்டிய எழுத்து எம், அதாவது கணக்கு. அது இல்லையென்றால் இன்ஜினியரிங், ஆர்கிடெக்சர், டெல்லி பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆனர்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட் எல்லாம் போச்சு. மருத்துவம், சட்டம், சிஏ, டிசைன் போகாது. உனக்குப் பிடித்த ஐந்து படிப்பை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அது கேட்கும் பாடங்களை எழுது. எம் எத்தனை வரியில் வருகிறதென்று எண்ணிப் பார்.

பிசிஎம்பி எடுத்தால் டாக்டர், இன்ஜினியர் இரண்டும் கைவசம் என்கிறார்கள். சரிதான், ஆனால் விலை உண்டு. நீட்டில் 180 கேள்வி, 720 மார்க், அதில் உயிரியல் மட்டும் 360. அங்கே வரிவரியாகப் படித்து நினைவில் வைக்க வேண்டும். கணக்குக்குத் தினமும் கை வலிக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கோச்சிங் போகிற பிள்ளை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கும். முதல் பியு முடிவதற்குள் ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளும் மனசு இருந்தால் எடு.

மனசைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து முடிவு செய்யாதே. மாதிரிக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டே அங்கே 95 வாங்கிவிடலாம். என்சிஇஆர்டி 11ஆம் வகுப்புப் புத்தகங்கள் அவர்கள் தளத்தில் இலவசம். பியு சயின்ஸுக்கும் அவைதான். ஒரு சாயங்காலம் இயற்பியலில் தள இயக்கப் பாடத்தை எடு. பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 30 டிகிரியில் எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்? புவியீர்ப்பு முடுக்கம் ஜி 10 என்று வைத்தால் சுமார் 34.6 மீட்டர். 60 டிகிரியில் எறிந்தாலும் அதே 34.6தான்! முதல் பந்து 5 மீட்டர் உயரம் போகிறது, இரண்டாவது 15 மீட்டர் போகிறது, விழுவது மட்டும் ஒரே இடத்தில். "அது எப்படி?" என்று பென்சிலை எடுத்துப் படம் போட்டாயானால் நல்லது. விடை வந்துவிட்டது, அடுத்தது என்று பக்கம் புரட்டினால் அதையும் குறித்துவை. மறுநாள் வேதியியலில் மோல். அதற்கடுத்த நாள் அக்கவுண்டன்சியில் பத்து ஜர்னல் என்ட்ரி, அதாவது வரவு செலவைப் பற்று, வரவு என்று பதிவது. தப்பு வந்தபோது எந்தப் பாடத்தில் திரும்பப் போட்டுப் பார்த்தாய் என்பதுதான் எனக்கு வேண்டும். மார்க் வேண்டாம்.

செபாவைக் குறைச்சலாக நினைக்காதே. புள்ளியியல், பொருளாதாரம், வணிகவியல், அக்கவுண்டன்சி. சிஏ ஃபவுண்டேஷனில் இருக்கும் நாலு பேப்பரில் ஒன்றில் கணக்கும் புள்ளியியலும் வருகின்றன, அதற்கு இந்த எஸ் நேராக உதவும். ஆனால் பின்னால் டெல்லியில் பொருளாதார ஆனர்ஸ் ஆசை வந்தால் அந்த எஸ் கணக்குக்கு ஈடாகாது.

மொழியில் ஒன்று ஆங்கிலம். இன்னொன்றுக்குத் தமிழ் பியு பட்டியலில் இருக்கிறது, சொல்லித்தர ஆசிரியர் எல்லாக் காலேஜிலும் இல்லை. மார்க்குக்காக சமஸ்கிருதம் எடுக்கச் சொல்வார்கள். எடுத்தாலும் குற்றமில்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான்.

சேர்ந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் முதல் சில வாரங்களிலேயே கேட்டுவிட வேண்டும். கடைசித் தேதியைச் சேரும் நாளிலேயே ஆபீஸில் கேட்டு எழுதிக்கொள். இரண்டாம் பியுவில் புதுப் பாடம் தொடங்க முடியாது.

இன்னொன்று. சிஇடி அரசு சீட்டுக்குக் கர்நாடகத்தில் ஏழு வருடம் படித்திருக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஆறுவரை இங்கே படித்தாய், பியுவையும் சேர்த்தால் எட்டு. பழைய பள்ளிக்குப் போய்ப் படிப்புச் சான்றிதழ் நான் வாங்கிவைக்கிறேன். நீ மூன்று சாயங்காலத்து நோட்டையும் அப்படியே கொண்டு வா, அடித்ததைக் கிழித்துவிடாதே. விண்ணப்பத்தை நீ வந்தபின் சேர்ந்து நிரப்பலாம்.

அம்மா