புகார்: புல்தரை நெருப்பெறும்பு ஒழிப்பு வேலையை மறுபடி செய்துதரக் கோருதல்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சிராங்கூன் கார்டனில் உள்ள எங்கள் தரைவீட்டுப் புல்தரையில் பெருகிய நெருப்பெறும்புகளை ஒழிக்க உங்கள் நிறுவனத்திடம் முழுத் தொகையும் கட்டினேன். "புற்றோடு ஒழித்துத் தருவோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் வந்துபோன பிறகு பழைய புற்று கலைந்து, வேலியோரத்திலும் நடைபாதைக் கல்லிடுக்கிலும் புதிதாக மண் தள்ளிக் கிடக்கிறது.

அன்று காலை பெய்த மழையில் புல் சொதசொதவென்று இருந்தது. வந்தவர்கள் புற்றைக் கம்பியால் கிளறி மருந்து தெளித்தார்கள். அப்புறம் அதே இடத்தில் குருணை மருந்தைத் தூவினார்கள். ஈரத்தில் போடலாமா என்று கேட்டதற்கு, "ஒன்னும் ஆகாது அங்கிள்" என்றார் ஒருவர்.

தெளிக்கும் மருந்து மேலே திரியும் எறும்பைத்தான் கொல்லும். ராணி ஆழத்தில் இருக்கும், சில புற்றுகளில் பல ராணிகள்கூட இருக்கும். அவற்றைக் கொல்லத்தான் குருணை. சோளக் குருணையில் சோயா எண்ணெயும் மெதுவாக வேலை செய்யும் நஞ்சும் ஊறியிருக்கும். எறும்புகள் அதை இரையென்று உள்ளே எடுத்துப்போய்ப் புழுக்களுக்கும் ராணிக்கும் ஊட்ட வேண்டும். நனைந்த குருணையை அவை சீண்டாது. தெளிப்பு மருந்து பட்ட குருணையையும் தொடாது. கிளறிய புற்றோ இரை தேடாமல் இடம் மாறப் பார்க்கும். ஆக, முதலில் செய்த வேலையே அடுத்த வேலையைக் கெடுத்துவிட்டது. காய்ந்த தரையில் போட வேண்டும் என்று அவர்கள் விட்டுப்போன மருந்துப் பையிலேயே எழுதியிருக்கிறது!

என் மாமியாருக்கு நீரிழிவு. பூஜைக்கு நந்தியாவட்டை பறிக்கத் தினமும் அந்தப் புல்லில்தான் நடப்பார். கணுக்காலைச் சுற்றிக் கடித்த இடமெல்லாம் கொப்புளமாகி, ஒன்று புண்ணாகிவிட்டது. பாலிகிளினிக்கில் கட்டு மாற்றி வருகிறோம். சர்க்கரை உள்ளவர் காலில் புண் என்றால் வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? இதைச் சொல்லியும் உங்கள் அலுவலகத்தில் "மழைக்காலத்தில் அப்படித்தான்" என்று பதில் வந்தது மனத்தை மிகவும் நோகச் செய்தது. டிசம்பரில் மழை பெய்யும் என்பது சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும். காய்ந்த நாளாகப் பார்த்து வந்திருக்கலாம்.

இப்போது நான் கேட்பது, வேலையைச் சரியாகச் செய்துதாருங்கள். எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்காத புதிய குருணையை, மழை இல்லாத நாளில், எதையும் கிளறாமல் புல்தரை முழுக்கத் தூவுங்கள். சில நாள் விட்டு, மிஞ்சிய புற்றுகளுக்கு மட்டும் தனியாக மருந்து ஊற்றுங்கள். எந்த மருந்து என்பதை எழுத்தில் கொடுங்கள். முடியாதென்றால் கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுவேன். அங்கும் தீராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போவேன். ஒப்பந்த நகலும் புற்றுகளின் படங்களும் மருத்துவர் குறிப்பும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்